கிளாஸ் கமிட்டியில் மாணவர் பிரதிநிதி என்ன பேச வேண்டும்?

மூன்றாம்_செமஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் துறைத் தலைவர் வகுப்புக்கு வந்து, கிளாஸ் கமிட்டிக்கு மாணவர் பிரதிநிதிகள் வேண்டும் என்றார். யாரும் கை தூக்கவில்லை. கையிலிருந்த மார்க் பட்டியலைப் பார்த்து நான்கு பெயர்களை எழுதிக்கொண்டு போய்விட்டார். அதில் என் பெயரும் இருக்கிறது.

முதல் கூட்டம் அடுத்த வாரம். பேச வேண்டிய விஷயங்கள் நிறைய உண்டு. எங்கள் லேபில் எட்டு லேத்தில் (உலோகத்தைக் கடையும் மெஷின்) மூன்று ஓடவில்லை. ஒரு மெஷினைச் சுற்றி ஆறு பேர் நிற்கிறோம். டேப்பர் டர்னிங் (கம்பியைச் சரிவாகக் கடைவது) செய்யும்போது ஒருவன்தான் கை வைக்கிறான், மற்றவர்கள் அவன் எடுத்த அளவைப் பார்த்து ரெக்கார்டு எழுதுகிறோம். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. மாலைப் பேருந்து சீக்கிரம் கிளம்பிவிடுவதால் டே ஸ்காலர்கள் நூலகத்துக்கே போக முடிவதில்லை.

சீனியர்களிடம் கேட்டால், "போய் உட்கார், டீ கொடுப்பார்கள், குடித்துவிட்டு வா. வாயைத் திறந்தால் ஆசிரியர்களே போடும் இன்டெர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்கள்" என்கிறார்கள். உண்மையிலேயே இந்தக் கூட்டத்தால் ஏதாவது நடக்குமா? நடக்கும் என்றால் எப்படிப் பேச வேண்டும்?

கோவை_பேராசிரியை

நடக்கும் தம்பி. இந்தக் கூட்டங்களுக்குப் பல வருடம் தலைமை வகித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ரெகுலேஷனை, அதாவது பல்கலைக்கழக விதிகளை, எடுத்துப் படியுங்கள். கிளாஸ் கமிட்டி என்று தனிப் பிரிவே அதில் இருக்கிறது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், மாணவர் பிரதிநிதிகள், தலைவர் ஆகியோர் சேர்ந்ததுதான் குழு. தலைவராக இருப்பவர் அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காதவராக இருக்க வேண்டும். இது சும்மா எழுதி வைத்த நிபந்தனை இல்லை. உங்கள் மார்க் அவர் கையில் இல்லை என்பதால்தான் அவரை அங்கே உட்கார வைக்கிறார்கள். கூட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் அவர் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதி முதல்வருக்கு அனுப்ப வேண்டும், சம்பந்தப்பட்ட மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுற்றுக்கு விட வேண்டும். நிர்வாகம் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் முதல்வர் அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று லேத் சரியாவதற்கான வழி இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

அப்புறம் பேசும் விதம். "சார் நடத்துவது புரியவில்லை" என்று ஒரு மாணவர் சொன்னால் எனக்கு ஒன்றும் எழுதத் தோன்றாது. அந்த ஆசிரியர் முகம் சிவக்கும், "நீங்கள் கவனிப்பதில்லை" என்பார், அத்தோடு முடிந்தது. அதையே, "இரண்டாவது யூனிட்டில் தியரி முடிந்துவிட்டது, என்ட்ரோபி கணக்கு போர்டில் ஒன்றுதான் போட்டார்கள், ஸ்டீம் டேபிளை எப்படிப் பார்ப்பது என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை, ஒரு டுடோரியல் வகுப்பு கொடுத்தால் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். ஆசிரியருக்கு மறுக்க ஒன்றுமில்லை. செய்துகொடுப்பதும் சுலபம். நானும் மினிட்ஸில் தேதியோடு எழுதிவிடுவேன்.

பேருந்து விஷயத்தை ஆசிரியர்களால் தீர்க்க முடியாது. ஆனாலும் சொல்லுங்கள், மினிட்ஸில் ஏறினால் முதல்வர் மேஜைக்குப் போகும்.

பழைய_பேரவைக்காரன்

பேராசிரியை சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அடிப்படையான விஷயம் ஒன்றை யாரும் தொடவில்லை. மார்க் பட்டியலைப் பார்த்துத் துறைத் தலைவர் எழுதிக்கொண்டு போன நான்கு பேர் யாருடைய பிரதிநிதி? வகுப்பு தேர்ந்தெடுக்காதவர் வகுப்பின் சார்பில் எப்படிப் பேச முடியும்?

நான் படித்த காலத்தில் மாணவர் பேரவைத் தேர்தல் நடந்த கல்லூரிகள் இருந்தன. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் தேர்தல் என்று சொன்னாலே கதவைச் சாத்துகிறார்கள். 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைத் தோளில் தூக்கிச் சுமந்தது இந்த மண்ணின் மாணவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் அந்த ஜனவரியில்தான் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அப்படிப்பட்ட மாநிலத்தில், வகுப்புக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கக்கூட மாணவர்களை நம்ப மாட்டார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

தம்பி, உங்களால் முடிந்தால் கூட்டத்துக்கு முன்பே வகுப்பில் ஒரு வாக்கெடுப்பு நடத்துங்கள். துண்டுக் காகிதம் போதும். நீங்களே ஜெயித்தாலும் நல்லதுதான். வேறு யாராவது வந்தால் துறைத் தலைவரிடம் போய்ப் பெயரை மாற்றச் சொல்லுங்கள்.

சட்டப்படிப்பு_மதுரை

பேரவைக்காரர் சொன்னதற்குச் சட்டப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

மாணவர் தேர்தல் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அது 2006-இல் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22-இல், கேரளப் பல்கலைக்கழக வழக்கில், பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது கட்டுப்பாடுகள்தான். வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், தேர்தல் வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது, இளநிலை மாணவர் என்றால் வயது 17 முதல் 22 வரை. அந்தக் கட்டுப்பாடுகளுக்கும் அர்த்தம் உண்டு. 2024-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சுவர்களையெல்லாம் போஸ்டர் ஒட்டியும் கிறுக்கியும் நாசம் செய்ததால், செப்டம்பர் இறுதியில் போட்ட வாக்குகளை எண்ணவிடாமல் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. சுத்தம் செய்த பிறகு நவம்பரில்தான் முடிவு வந்தது.

ஆனால் இந்த இழைக்கு வேண்டியது அதே அறிக்கையின் இன்னொரு பகுதி. அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத சூழல் இருந்தால் தற்காலிகமாக நியமன முறையை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அப்படி நியமிக்கும்போது வெறும் மதிப்பெண்ணை மட்டும் அடிப்படையாக வைக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. ஐந்தாண்டுகளுக்குள் எல்லா நிறுவனங்களும் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்பதும் அதில் உண்டு. அது பேரவைத் தேர்தலைப் பற்றியது, கிளாஸ் கமிட்டியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. என்றாலும் மார்க் பட்டியலை மட்டும் பார்த்து ஆள் எடுப்பது சரியான முறை இல்லை என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம்_செமஸ்டர்

வாக்கெடுப்பு யோசனை நன்றாக இருக்கிறது. நாளைக்கே நண்பர்களிடம் பேசுகிறேன். ஆனால் இன்டெர்னல் பயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 2021 ரெகுலேஷனில் தியரிக்கு இன்டெர்னல் 40, லேபுக்கு 60. லேத் ஓடவில்லை என்று நான் சொன்னால், அந்த 60 யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றியே புகார் சொன்னதாக ஆகிவிடாதா?

கோவை_பேராசிரியை

பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பழிவாங்கும் ஆசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எண்ணிக்கை குறைவு, ஆனால் அப்படி ஒருவரிடம் மாட்டிய மாணவனுக்கு அந்த எண்ணிக்கையால் என்ன ஆறுதல்?

அதனால் செய்ய வேண்டியது இதுதான். பேச வேண்டியவற்றை எழுதி, கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னால் கமிட்டித் தலைவரிடம் நான்கு பேருமாகப் போய்க் கொடுங்கள். யார் பெயரும் தனியாக வேண்டாம், "இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்கள்" என்று இருக்கட்டும். நல்ல தலைவர் கூட்டத்தில் தானே அதைப் படித்து, "லேபில் என்ன நிலைமை?" என்று கேட்பார். அப்போது நீங்கள் கேள்விக்குப் பதில் சொல்பவர் ஆகிவிடுகிறீர்கள், குற்றம் சாட்டுபவர் இல்லை.

இன்னொன்று, லேபைப் பொறுத்தவரை அந்த ஆசிரியர் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் இருப்பார். மெஷின் பழுது என்று அவரே எழுதிக் கொடுத்து, அது கணக்குப் பிரிவில் தூங்கிக்கொண்டிருக்கும். மாணவர்களும் சொன்னார்கள் என்று மினிட்ஸில் வந்தால் அவர் கை பலப்படும். கூட்டத்துக்கு முன்னால் அவரை லேபிலேயே பார்த்து, "சார், இதைக் கமிட்டியில் சொல்லலாம் என்று இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தலைக்கு மேல் போய்விட்டார்கள் என்ற வருத்தம் அவருக்கு வராது.

விடுதி_அறை_மகேஸ்

நான் எம்.எஸ்ஸி. படித்தபோது பெண்கள் விடுதிப் பிரதிநிதியாக இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். அங்கே நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதிக் கேட் ஆறரைக்கு மூடிவிடும். ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது.

எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வருடா வருடம் கேட்டிருக்கிறார்கள். "பாதுகாப்புக்காகத்தான்மா" என்று ஒவ்வொரு வருடமும் ஒரே பதில். நாங்கள் "சமத்துவம்" என்ற சொல்லைப் பேச்சிலேயே எடுக்கவில்லை. நூலக வாசலில் கையெழுத்துப் போடும் பதிவேடு இருக்குமே, நூலகரிடம் அனுமதி கேட்டு அதில் ஒரு மாதப் பக்கங்களை உட்கார்ந்து பார்த்தோம். மாலை ஆறேகாலுக்கு மேல் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆறேகால் வரைக்கும் வரிசையாக வெளியேறும் கையெழுத்து, எல்லாம் அவசர அவசரமாகக் கிறுக்கியவை. அந்தப் பக்கங்களின் நகலை வார்டன், டீன் இருவர் முன்னாலும் வைத்தோம். நூலகத்திலிருந்து விடுதி வரைக்கும் எந்தெந்த விளக்குக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று ஒரு வரைபடமும் போட்டுக் கொடுத்தோம். பாதுகாப்பு பற்றிய கவலை என்றால் அதைத் தீர்க்கும் வழியும் எங்களிடம் இருக்கிறது என்று காட்டினோம்.

முதலில் தேர்வு மாதங்களுக்கு மட்டும் எட்டே கால் வரை நேரம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் எல்லா நாளும் என்று ஆனது. அப்போது நான் படிப்பை முடித்து வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த பெண்தான் அதை வாங்கிக் கொடுத்தாள். அவளிடம் அந்தக் கோப்பை அப்படியே கொடுத்துவிட்டு வந்தது எனக்கு இன்றும் பெருமை. தம்பி, உங்கள் நான்காம் செமஸ்டரில் வேறு நான்கு பேர் வரலாம். எழுதியதையெல்லாம் அவர்களுக்காக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

வடமராட்சியான்

இலங்கையிலிருந்து ஒரு குரல். எங்கட பல்கலைக்கழகங்களில் இது சட்டத்திலேயே இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி ஒவ்வொரு பீடச்சபையிலும் (ஃபேகல்டி போர்டு) அந்தப் பீட மாணவர் தங்களுக்குள் தெரிவுசெய்யும் இருவர் உறுப்பினராக இருப்பார்கள். அதோடு மாணவர் ஒன்றியங்களும் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் மாணவர் ஒன்றியம் என்றால் வெளியில் எல்லோருக்கும் நினைவு வருவது பெரிய விடயங்கள். 2021 ஜனவரி 8 இரவு பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த, போரில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடித்தபோது மாணவர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11-ஆம் திகதி அதிகாலை துணைவேந்தர் வந்து, மீண்டும் கட்டுவதற்கு அடிக்கல் நாட்டினார். அந்த வருடம் ஏப்ரலிலேயே புதிய தூபி எழும்பியது. அந்த நாட்களில் மாணவர் பிரதிநிதியாக நிற்பது எவ்வளவு பாரம் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் வருடத்தின் மற்ற நாட்களில் பிரதிநிதியின் வேலை வேறு. மகாபொல புலமைப்பரிசில் (மாணவர் உதவித்தொகை) காசு ஏன் இந்த மாதம் வரவில்லை, பரீட்சை நேர அட்டவணையில் இரண்டு பாடம் ஒரே நாளில் வருகிறது, மலையகத்திலிருந்து வந்த பிள்ளைக்கு விடுதி கிடைக்கவில்லை. இவற்றைத் தூக்கிக்கொண்டு நிர்வாகக் கட்டிடத்துக்கு நடப்பதுதான் அதிகம். தூபிக்காக நின்றவர்களும் இதே பிள்ளைகள்தான். சின்ன விடயத்தில் எங்களோடு நின்றான் என்று சக மாணவருக்குத் தெரிந்திருந்தால்தான், பெரிய விடயம் வரும்போது அவன் கூப்பிட்டால் வருவார்கள்.

பழைய பேரவைக்கார ஐயாவுக்கு ஒரு சொல். தேர்தல் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. இங்கே தெரிவுசெய்யப்பட்டவர்கள் சிலரே பகிடிவதையை (ராகிங்) பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அதற்கு எதிராக 1998-இலேயே தனிச் சட்டம் வந்தும், முதலாம் வருடப் பிள்ளை தனக்காக யாரும் பேசமாட்டார்கள் என்றுதான் இன்னும் நினைக்கிறது. சீனியர்களின் வாக்கில் வந்தவர் ஜூனியருக்காகவும் பேசவேண்டும். இதை வாக்குப்பெட்டி கற்றுத்தராது.

பழைய_பேரவைக்காரன்

வடமராட்சி நண்பரே, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாக்கு வாங்கியவர் வாக்குப் போட்டவருக்கு மட்டும் உழைத்தால் அது பிரதிநிதித்துவம் இல்லை. ஆனாலும் தேர்தல் என்றால், சரியில்லாதவரை அடுத்த வருடம் மாற்றலாம். நியமனத்தில் அந்த வழியும் இல்லை.

சட்டப்படிப்பு_மதுரை

கிளாஸ் கமிட்டியில் தீராததை எங்கே கொண்டுபோவது என்பதும் இங்கே பதிவாகட்டும். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாட்களுக்குள் அது தன் பரிந்துரையை அனுப்ப வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைகேள் அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம். அந்தக் குழுவிலும் ஒரு மாணவர் உண்டு, ஆனால் சிறப்பு அழைப்பாளராக, அதுவும் நியமனத்தில்.

பாலியல் தொல்லை பற்றிய புகார் என்றால் வழி வேறு. அதற்கு 2015 விதிகளின்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. மாணவர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர்களிலிருந்து ஒவ்வொருவராக மூன்று பேர் அதில் இருக்க வேண்டும். அவர்களை ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே விதி சொல்கிறது. உங்கள் கல்லூரியில் அந்த மூன்று பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படி ஒரு புகாரோடு தோழி யாராவது உங்களிடம் வந்தால், தயவுசெய்து கிளாஸ் கமிட்டியில் எடுக்காதீர்கள். அவள் பெயர் இருபது பேர் முன்னால் வெளிப்பட்டுவிடும்.

லண்டன்_குளிர்

நான் இங்கே முதுநிலை படிக்கும்போது கோர்ஸ் ரெப் (எங்கள் படிப்புக்கான மாணவர் பிரதிநிதி) ஆக இருந்தேன். மாணவர் யூனியனே நமக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுக்கும், துறையோடு கூட்டம் இருக்கும், மாணவர் சொன்னதற்குத் துறை என்ன செய்தது என்று அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் மட்டும் எந்தக் கருத்தும் சொல்ல மாட்டார்கள். குறை சொன்னால் விசாவில் சிக்கல் வருமோ என்ற பயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பவில்லை. கடைசியில் சமையலறையில் சேர்ந்து சாப்பிடும்போது ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனேன். குரூப்பில் "யாருக்காவது பிரச்சினை இருக்கிறதா?" என்று போட்டால் பதில் வராது. எந்த ஊரிலும் அப்படித்தான்.

கோவை_பேராசிரியை

லண்டன்காரர் சொன்னதைத் தம்பி நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வகுப்பிலேயே அப்படிப் பேசாதவர்கள் இருப்பார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு பொறியியலுக்கு 2021-இல் வந்த பிறகு, தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளை வகுப்பில் முன்பைவிட அதிகம் பார்க்கிறேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். கணக்கு நன்றாகப் போடுவார்கள். ஆங்கிலத்தில் வேகமாக நடத்தினால் முதல் மாதத்திலேயே மனம் சோர்ந்துவிடுவார்கள். கூட்டத்தில் வந்து உட்காரும் முதல் நான்கு ரேங்க் மாணவர்கள், "எல்லாம் நன்றாகப் போகிறது மேடம்" என்பார்கள். அவர்களுக்கு நன்றாகத்தான் போகிறது. செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகுதான் அறுபது பேர் வகுப்பில் இருபத்தைந்து அரியர் இருப்பது தெரியும்.

கடைசி பெஞ்சில் இருப்பவர்களிடம் போய்ப் பேசுங்கள். எந்த இடத்தில் பாடம் நழுவியது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், நீங்கள் அழகுபடுத்த வேண்டாம்.

மூன்றாம்_செமஸ்டர்

வகுப்பில் பேசினோம். துண்டுச் சீட்டில் வாக்குப் போட்டதில் நான்கில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். நான் இருக்கிறேன். துறைத் தலைவர், "சரி, உங்களுக்குள் ஒத்துப்போனால் எனக்கென்ன" என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

இப்போது ஒரு சிக்கல். முதல் இன்டெர்னல் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்கச் சொல்கிறது பாதி வகுப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, தள்ளிவைத்தால் இரண்டாவது தேர்வோடு ஒட்டிக்கொள்ளும். நான் என் கருத்தைச் சொல்லலாமா?

வடமராட்சியான்

வகுப்பில் சொல்லுங்கள் தம்பி. ஒட்டிக்கொள்ளும் என்பதை நாட்காட்டியோடு காட்டிப் பேசுங்கள், சிலர் மனம் மாறலாம். ஆனால் கூட்டத்துக்குள் போன பிறகு, பாதிப் பேர் தள்ளிவைக்கக் கேட்கிறார்கள், மீதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள் என்று இரண்டையும் உள்ளபடி சொல்லவேண்டும். உங்கள் கருத்தை வகுப்பின் கருத்தாகக் காட்டினால், அது தெரியவரும் நாளில் உங்களை யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாம்_செமஸ்டர்

சரி அண்ணா. கடைசியாக ஒரு கேள்வி. கூட்டத்தில் பேசுவதை மொபைலில் ரெக்கார்ட் பண்ணி வைத்துக்கொள்ளலாமா? மினிட்ஸில் மாற்றி எழுதிவிட்டால் ஆதாரம் வேண்டும் என்கிறான் நண்பன்.

விடுதி_அறை_மகேஸ்

வேண்டவே வேண்டாம். அது தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் ஆசிரியர்கள் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். நோட்டில் எழுதுங்கள். நீங்கள் பேசும்போது இன்னொரு பிரதிநிதி எழுதட்டும், அவர் பேசும்போது நீங்கள் எழுதுங்கள்.

கோவை_பேராசிரியை

மகேஸ் சொன்னதுதான். கூட்டம் முடியும் நேரத்தில், "மேடம், எங்கள் பாயின்ட் எல்லாம் குறித்துக்கொண்டீர்களா, ஒருமுறை படிக்க முடியுமா?" என்று கேளுங்கள். அதில் தப்பே இல்லை. ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மினிட்ஸ் சுற்றுக்கு வந்ததும் வகுப்பு குரூப்பில் அப்படியே போட்டுவிடுங்கள். மூன்றாவது நாளும் வரவில்லையென்றால் நேரில் போய் வாங்குங்கள்.